பிள்ளைகள் போடும் கடையில் 'இல்லை' என்று யார் சொல்வது?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்ட இளைஞர் கழகத்தில் 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை வகுப்பு நடக்கும் அறைக்குக் கூரைத் தகடும் மேசை கதிரையும் வாங்கக் காசு சேர்க்கிறோம். ஏப்ரலில் நுவரெலியாவிலும் பிறகு எங்கள் கோயில் தேர்த் திருவிழாவிலும் பலகாரம், தேயிலைப் பக்கட், பிள்ளைகள் செய்த கைவேலைப் பொருட்கள் வைத்துக் கடை போட எண்ணம். போன முறை குடித்துவிட்டு வந்த ஒருவர் கலாட்டா செய்தார், தெரிந்தவர்கள் கடனுக்கு வாங்கிப் போனார்கள், கடைசியில் காசும் குறைந்தது. இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

தங்கச்சி, நீங்கள் எழுதிய மூன்று பிரச்சினையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. குடித்தவரிடம் 'போங்க' என்று சொல்ல முடியாமல் நின்றதும், தெரிந்த மாமாவிடம் 'கடன் இல்லை' என்று சொல்ல முடியாமல் பக்கட்டைத் தூக்கிக் கொடுத்ததும் பிள்ளைகள். அவர்களால் சொல்ல முடியாது. நம்ம ஊரில் பெரியவர்களிடம் மறுத்துப் பேசாதே என்றுதானே வளர்க்கிறோம்? சாரணியம், இளைஞர் கழகம் என்று பிள்ளைகளோடு கடை போட்டு வருகிறவள் நான். அதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: விற்பது பிள்ளைகள் வேலை, மறுப்பது பெரியவர்கள் வேலை. கீழே எழுதுவதெல்லாம் இதை ஒட்டித்தான்.

மேசைக்கு இரண்டு பிள்ளைகள், காசுப்பெட்டிக்கு 16, 17 வயதில் ஒருவர், பக்கத்திலேயே இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். ஒரு பெரியவர் போதாதா என்பீர்கள். போதாது. யாராவது ஒரு பிள்ளைக்குக் கழிவறைக்குப் போக வேண்டி வரும். திருவிழாக் கூட்டத்தில் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது, கூடப் போனால் கடையில் பெரியவர் இல்லை. அதனால் இருவரில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். (இடம் பார்க்கப் போகும்போதே கழிவறை எங்கே என்று பார்த்துவிடுங்கள். கூட்டம் எங்கே சேரும் என்று எல்லாரும் பார்ப்பார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை.) பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வசனம் பழக்கினால் போதும்: "அதை எங்க டீச்சர்கிட்ட கேளுங்க." விலை குறைக்கச் சொன்னாலும், கடன் கேட்டாலும், போட்டோ எடுக்கவா என்றாலும் அதே வசனம்தான். சொல்லிவிட்டுப் பிள்ளை அடுத்தவரைக் கவனிக்கலாம்.

இனிக் கடன். கடன் கேட்டவர்களைக் குடிகாரரோடு சேர்த்து ஒரே வரிசையில் எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வருகிறது. உங்கள் தேர் மாதக் கடைசியில் வந்தால், கையில் காசே இல்லாத ஆட்களுக்கு நடுவில் கடை விரிக்கிறீர்கள். அவர்கள் கேட்காமல் என்ன செய்வார்கள்? தோட்டத்துக்குள் விற்பதைச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தேர்த் திகதியை மாற்ற முடியாது என்றால் பொட்டலத்தைச் சின்னதாக்குங்கள். 300 ரூபா முறுக்குப் பக்கட்டுக்குப் பக்கத்தில் 50 ரூபாப் பொட்டலமும் இருந்தால் பலர் கடன் என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

அதற்கும் மேலே கேட்பவருக்கு ஒரு கொப்பி வையுங்கள். "உங்களுக்கு ஒன்னு எடுத்து வைக்கவா மாமா?" என்று கேட்டுப் பெயரையும் பொருளையும் எழுதுங்கள். பொருள் உங்களிடமே இருக்கட்டும், சம்பளத்தன்று காசைக் கொடுத்து எடுத்துப் போவார். கேட்டவருக்கு முகம் கோணாது, பிள்ளைக்கும் மறுத்துப் பேச வேண்டிய நிலை வராது. தேயிலை, கைவேலைப் பொருள் போன்ற கெடாத சாமான்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். கடனாக மட்டும் எதையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் பிறகு அந்தப் பிள்ளைதான் லயத்து வரிசை வீட்டு வாசலில் போய் நின்று காசு கேட்க வேண்டும். ஒரு முறுக்குப் பக்கட்டுக்காகப் பக்கத்துக் காம்பரா வீட்டோடு வரும் மனஸ்தாபத்தை எந்த நிதியாலும் ஈடு செய்ய முடியாது.

திருவிழாவில் இன்னொரு கூட்டமும் வரும். கையில் ஒன்றுமில்லாமல் மேசையையே பார்த்துக்கொண்டு நிற்கும் சின்னப் பிள்ளைகள். விரட்டாதீர்கள், தனியாகக் கூப்பிட்டும் கொடுக்காதீர்கள். உடைந்த முறுக்கையும் தூளான மில்க் டொபியையும் ஒரு தட்டில் போட்டு, வருகிற எல்லாருக்கும் "ருசி பாருங்க" என்று நீட்டினால் அந்தப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் எடுப்பார்கள். கணக்கில் 'ருசிக்கு' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

குடித்துவிட்டு வருகிறவர் விஷயத்துக்கு வருவோம். அவர் வாங்கத்தான் வந்தார் என்றால் விற்று அனுப்புங்கள். ஆனால் மீதிக் காசைப் பெரியவர் எண்ணிச் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் காலையில் "எனக்கு மீதி தரல" என்று வருவார். கலாட்டாவுக்கு வந்தால் பெரியவர் மேசைக்குப் பின்னால் நின்று கத்துவதில் பயனில்லை. மேசைக்கு முன்னால் வந்து, அவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்று, "வாங்கண்ணே, அந்தப் பக்கம் பேசுவோம்" என்று நடத்திக்கொண்டே கூட்டிப் போக வேண்டும். இரண்டாவது பெரியவர் காசுப்பெட்டியை மூடிப் பிள்ளைகளை இரண்டடி பின்னால் எடுப்பார். கோயிலில் என்றால் திருவிழாக் குழுவில் ஒருவரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். டவுனில் கை ஓங்கினால் தயங்காமல் 119. பௌர்ணமிப் போயா தினத்தில் சாராயக்கடைகள் மூடியிருப்பதால் அன்று கடை போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்புக்குப் போயா கிடையாது.

இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. தோட்டத்துத் திருவிழாவில் அப்படி வருகிறவர் பல சமயம் உங்கள் பிள்ளைகளில் ஒருவரின் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். மற்றப் பிள்ளைகள் முன்னால் அந்தப் பிள்ளை குறுகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தூரத்தில் அவர் வருவது தெரிந்ததுமே, அந்தப் பிள்ளையிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பிவிடுங்கள், "ஐஸ் பெட்டிக்காரர்கிட்ட போய் சில்லறை மாத்திட்டு வா" என்பது மாதிரி. துணைக்கு ஒரு ஆளும் போகட்டும். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை யாரும் பேசக்கூடாது என்று மற்றப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பெண்பிள்ளைகளிடம் "பேர் என்ன, எந்த ஸ்கூல், நம்பர் என்ன" என்று கேட்டு நிற்கும் இளைஞர்கள் நுவரெலியா சீசனில் நிறையவே வருவார்கள். பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிடாதீர்கள். கழகத்தின் பெயர் மட்டும் போதும். பதாகையில் போடும் தொலைபேசி இலக்கம் பெரியவருடையதாக இருக்கட்டும். ஒருவர் இரண்டாம் முறையும் சும்மா வந்து நின்றால் அந்தப் பிள்ளையை உள்ளே எடுத்துப் பையனை முன்னால் விடுங்கள், பெரியவர் போய் "என்ன வேணும் தம்பி?" என்று கேட்கட்டும். விற்பனை போனாலும் பரவாயில்லை, பிடிக்காத ஆளை விட்டு விலகி உள்ளே வரலாம் என்று பெண்பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். தொட்டால், பின்தொடர்ந்தால் கடையை மூடுங்கள், பொலிஸுக்குச் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. அதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருக்கட்டும்.

வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் தொல்லை தர மாட்டார்கள், ஆனால் கேட்காமல் படம் எடுப்பார்கள். பொருளைப் படம் எடுக்கலாம், பிள்ளைகள் முகத்தை எடுக்க வேண்டாம் என்று பெரியவர் சிரித்த முகத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வெளிநாட்டுச் சில்லறைக் காசு வாங்காதீர்கள், பணம் மாற்றுமிடங்களில் தாளைத்தான் எடுப்பார்கள். இன்னொன்று எனக்குப் பெரிய விஷயம். அவர்களைக் கண்டதும் "நாங்க லயத்துல இருக்கோம், ரொம்பக் கஷ்டம்" என்று பிள்ளைகளைச் சொல்ல வைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். விற்பனை கூடும், மறுக்கவில்லை. ஆனால் தன் வீட்டைச் சொல்லிக் காசு வாங்கிய பிள்ளை அதை மறக்காது. முறுக்கு நன்றாக இருக்கிறது, வகுப்பறைக்குக் கூரை போடுகிறோம் என்று சொன்னாலே வாங்குகிறவர் வாங்குவார்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி சிங்களம் பேசுகிறவர்கள். விலைப்பலகை மூன்று மொழியிலும் இருக்கட்டும். 'கீயத' என்றால் விலை சொல்லவும், 'மாரு சல்லி நே' என்று சில்லறை இல்லாததைச் சொல்லவும், 'பொட்டக் இன்ன' என்று கொஞ்சம் நிற்கச் சொல்லவும், 'டீச்சர்கென் அஹன்ன' என்று உங்களிடம் அனுப்பவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். சிங்களம் சரளமாக வரும் ஒரு பிள்ளை எப்போதும் மேசையில் இருப்பது நல்லது. யாராவது மொழியை வைத்துக் குத்தலாகப் பேசினால் பதில் சொல்வது பிள்ளையின் வேலை இல்லை, உங்கள் வேலையும் இல்லை. சாமானைக் கொடுத்து, ஸ்துதி சொல்லி அனுப்புங்கள்.

காசுக்கு வருகிறேன், இங்கேதான் கொஞ்சம் நுணுக்கம் வேண்டும். காலையில் பெட்டியில் எவ்வளவு சில்லறை போட்டீர்கள் என்று இருவர் எண்ணி எழுதிக் கையெழுத்து வையுங்கள். 3000 ரூபாவை 100, 50, 20 ரூபாத் தாள்களாகவும் கொஞ்சம் குற்றிகளாகவும் வைத்தால் ஒரு காலை ஓடும். உங்கள் காசு குறைந்ததற்கு, யாரும் எடுக்காமலே, இந்தத் தொகையை எழுதாததே காரணமாக இருக்கலாம். யார் யார் என்ன வாங்கினார்கள் என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு பொருளும் எத்தனை கொண்டு வந்தோம், எத்தனை மிஞ்சியது என்று எண்ணினாலே வந்திருக்க வேண்டிய காசு தெரிந்துவிடும்.

100 ரூபாப் பொருளுக்கு 5000 ரூபாத் தாளை நீட்டுகிறவர் கட்டாயம் வருவார். அதில் பாதிப்பேர் உண்மையிலேயே சில்லறை இல்லாதவர்கள். மற்றவர்களில் ஒருவர், மீதியை வாங்கிய பிறகு "இருங்க, என்கிட்ட சில்லறை இருக்கு, அந்த ஐயாயிரத்தைத் தாங்க" என்று ஆரம்பிப்பார். தாள்கள் அங்கும் இங்கும் போகும், பிள்ளை குழம்பும், அவர் போனபிறகுதான் பெட்டி மெலிந்தது தெரியும். இதற்கு வழி: வாங்கிய தாளைப் பெட்டிக்குள் போடாமல் மூடியின் மேல் கல்லை வைத்து வைக்க வேண்டும், "ஐயாயிரம் தந்தீங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், மீதியைக் கொடுத்து முடித்தபிறகே உள்ளே போட வேண்டும். நடுவில் வேறு மாற்றம் கேட்டால் முதல் கணக்கை அப்படியே நிறுத்தி, எல்லாக் காசையும் அவரவர் கைக்குத் திருப்பி, முதலில் இருந்து தொடங்குங்கள். பெரியவரைக் கூப்பிடுங்கள். ஏமாற்ற வந்தவர் அத்தோடு நகர்ந்துவிடுவார்.

கள்ள நோட்டுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். இப்போது அதிகம் புழங்கும் 500, 1000, 5000 ரூபாத் தாள்களை வெளிச்சத்தில் பிடித்தால் தாளில் அச்சிட்ட அதே பறவை நீர்க்குறியாகவும் தெரியும். விரலால் தடவினால் எழுத்துகள் சற்றுப் புடைத்திருக்கும். முதல் நாளே நல்ல தாளைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். 2025இல் வந்த 2000 ரூபாத் தாளைப் பார்த்துப் பிள்ளைகள் பயந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அதையும் ஒருமுறை காட்டி வையுங்கள். சந்தேகமான தாள் வந்தால் 'கள்ள நோட்டு' என்ற பேச்சே எடுக்க வேண்டாம். "வேற தாள் இருந்தா தாங்க" போதும், அவரும் எங்கேயோ ஏமாந்தவராக இருப்பார்.

கியூஆர் வைத்தால் விற்பனை கூடும், ஆனால் அது கழகக் கணக்குக்கோ பொறுப்பான பெரியவரின் கணக்குக்கோ போக வேண்டும். பிள்ளைகளின் அம்மா அப்பா கணக்கு வேண்டாம். "அனுப்பிட்டேன்" என்று ஒருவர் திரையைக் காட்டுவதை நம்பாமல் உங்கள் கைபேசிக்குத் தகவல் வந்ததைப் பாருங்கள். மலையில் சில இடங்களில் சிக்னல் இருக்காது, அங்கே கியூஆர் அட்டையை மேசையிலேயே வைக்காதீர்கள்.

மாலையில் காசு குறைந்தால் பிள்ளைகளின் பையைச் சோதிக்காதீர்கள். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி "யார் எடுத்தது" என்று கேட்பது அதைவிட மோசம். பெரியவர்கள் இருவரும் மீண்டும் எண்ணி, குறைந்த தொகையைக் 'குறைவு' என்று எழுதிக் கணக்கை மூடுங்கள். ஒரே பிள்ளை பெட்டியில் இருக்கும்போதெல்லாம் குறைகிறது என்றால் அந்தப் பிள்ளையிடம் தனியாக, அம்மாவையும் வைத்துக்கொண்டு பேசலாம். பெரும்பாலும் மீதி கொடுப்பதில் கணக்குப் பிழையாகத்தான் இருக்கும்.

விற்கும் பொருளிலும் சிக்கல் இருக்கிறது. தண்ணீர்ப் போத்தல், சோடா வாங்கி விற்றால் பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாவும் வாங்கக்கூடாது, அது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி குற்றம். நல்ல காரியத்துக்குத்தானே என்ற பேச்சு எடுபடாது, யாராவது 1977க்கு எடுத்தால் மானம் போகும். கூடத் தர நினைக்கிறவர்களுக்கு உண்டியல் ஒன்று வையுங்கள். தேயிலையைக் கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கிப் பொதி செய்யுங்கள். யாரோ ஃபெக்டரியில் வேலை செய்கிறவர் கொண்டுவந்து தந்தார் என்றால் வாங்கவே கூடாது, கேள்வி வரும்போது பிள்ளைகள்தான் முன்னால் நிற்பார்கள். அழகாக இருக்கிறதே என்று லேபலில் சிலோன் டீ சிங்கத்தை வரைந்துவிடாதீர்கள், அந்தச் சின்னம் தேயிலைச் சபையின் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும். நிலக்கடலை போட்ட பலகாரத்தில் அதைப் பெரிதாக எழுதுங்கள்.

பஸ் ஸ்டாண்டிலோ கோயில் வாசலிலோ வருடம் முழுக்க வடை விற்கும் அம்மா ஒருவர் இருப்பார். உங்கள் பிள்ளைகள் அவருக்குப் பக்கத்தில் வடை போட்டால் கூட்டம் பிள்ளைகளிடம்தான் போகும். திருவிழா மூன்று நாள் வியாபாரத்தில்தான் அவர் வீட்டுக்குப் பல செலவு ஓடும். போய்ப் பேசுங்கள், அவர் விற்காததை விற்கலாம், அல்லது வடையை அவரிடமே மொத்தமாக வாங்கலாம். கடை போடுவதில் எனக்கு மிகச் சங்கடமானது குடிகாரர் அல்ல, இதுதான்.

அரசியல்வாதியோ சங்கத் தலைவரோ வந்து பெரிய தாளை நீட்டிப் படம் எடுக்கக் கேட்டால், நன்றி சொல்லிப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். படத்தில் பெரியவர்கள் நின்றால் போதும், பதாகையில் எவர் முகமும் வேண்டாம். பியர் கம்பனிப் பெயர் போட்ட கூடாரம் இலவசமாகத் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரமும் அனுசரணையும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் தடை.

"சின்னப் பிள்ளைகளை வேலை வாங்குறீங்களா?" என்று ஒருவர் கேட்பார், கேட்பதும் நியாயம்தான். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆகக் கூடியது எல்லாருக்கும் தெரியும். கூலி இல்லை, பள்ளி நேரமில்லை, இருட்டுவதற்குள் மூடுகிறோம் என்பதைச் சொல்லி, பெற்றோர் கையெழுத்திட்ட கடிதங்களையும் கழகத்தின் கடிதத்தையும் ஒரு ஃபைலில் காட்டுங்கள். சாரணர் 1912இல் மாத்தளையில் தொடங்கியது, பெண் சாரணியம் 1917இல் கண்டியில் தொடங்கியது. அதனால் சீருடைப் பிள்ளைகள் காசு சேர்ப்பது மலைநாட்டுக்குப் பழகிய காட்சி. சாரணர் சின்னச் சின்ன வேலை செய்து காசு சேர்க்கும் வேலை வாரத்தில் அட்டையில் எழுதி வாங்குவதையும் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குச் சீருடை இல்லை, அதனால் தாள்தான் பேச வேண்டும். எதற்குக் காசு, எவ்வளவு தேவை, இதுவரை எவ்வளவு என்று மூன்று வரி மேசையில் எழுதி வையுங்கள். டித்வா புயலுக்குப் பிறகு நிதி என்றாலே 'மண்சரிவுக்கா?' என்று கேட்கிறார்கள். ஆம் என்று தலையாட்டிவிட்டுக் கூரைத் தகடு வாங்குவது பொய். கணக்கை மறுவாரமே கோயில் பலகையிலும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலும் ஒட்டுங்கள்.

பலகாரம் விற்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேசைக்கு மேலே தார்ப்பாய் கட்டாயம், ஏப்ரல் மத்தியானத்துக்குப் பிறகு மழை கேட்டுக்கொண்டு வராது. ரஃபிள் சீட்டு விற்கும் யோசனை இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் அச்சடிக்காதீர்கள். நுவரெலியாவில் இடத்துக்கு மாநகர சபையின் அனுமதியை மாசி மாதமே எழுத்தில் கேளுங்கள், சீசன் வேலை தொடங்கியபின் அங்கே யாருக்கும் உங்கள் கடிதத்தைப் பிரிக்க நேரமிருக்காது.